மோக்ஸி உள்ள ஆள் தேவை

ஷாஜன் தன் சான்றிதழ்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்திருந்தான். தீயணைக்கப் படித்தது, உயரத்தில் ஏறப் படித்தது, விஷவாயுவை அளக்கப் படித்தது, மயங்கி விழுந்தவனின் நெஞ்சை அமுக்கப் படித்தது என்று பதினேழு இருந்தன. வளைகுடாவில் பாதுகாப்பு அதிகாரி வேலை பார்க்கிறவன் ஆள் பாதி, சான்றிதழ் பாதி. ஆகவே அமெரிக்கக் கம்பெனியிலிருந்து வந்த மின்னஞ்சலில், சனிக்கிழமை நேர்முகத்தில் உங்கள் மோக்ஸியைப் பற்றிக் கேட்போம் என்ற வரியைப் படித்ததும், அவன் உறையைக் கட்டிலில் கவிழ்த்து மோக்ஸியைத் தேடினான். கிடைக்கவில்லை.

உடனே மார்த்தாண்டத்தில் பயிற்சி நிலையம் நடத்தும் ஜெபிஷைப் போனில் பிடித்தான்.

"ஜெபிஷே, உனக்க கிட்ட மோக்ஸி கோர்ஸ் உண்டா?"

"உண்டுண்ணே. மூணு நாளு. அடுத்த பேட்ச் திங்கக்கெழம தொடங்கும்."

ஜெபிஷுக்கு அப்படி ஒன்று இருப்பதே அந்த நிமிடத்தில்தான் தெரியும். ஆனால் இல்லை என்று சொல்லி ஒரு ஆளை விட அவன் என்ன பைத்தியமா? திங்கட்கிழமைக்குள் அது என்னவென்று அவனே படித்துப் பாடமும் எடுத்துவிடுவான். ஷாஜனுக்குத்தான் திங்கட்கிழமை வரை நேரமில்லை.

வேலை போய் ஊருக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. திற்பரப்புக்குப் போகிற சாலையில் வீடு. வந்த புதிதில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "எப்ப வந்தே, எப்ப போறே?" என்று கேட்டார்கள். வளைகுடாக்காரனை ஊர் இந்த இரண்டு கேள்வியில்தான் அளக்கும். ஆறாம் மாதம், முதல் கேள்வி நின்றது. ஒன்பதாம் மாதம் இரண்டாவதும் நின்றது. கேட்டபோது எரிச்சலாக இருந்தது, கேட்காமல் விட்டபோது பயமாக இருந்தது. நாற்பத்து நாலு வயதில் இந்த வேலையும் போனால் இனி ஒரு வேலை வராது என்பது அவனுக்குத் தெரியும், அவன் மனைவி அஜிதாவுக்கும் தெரியும்.

அஜிதா குலசேகரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சாயங்காலம் வந்து மின்னஞ்சலைப் படித்தவள் சிரித்த சிரிப்பில் கட்டிலில் கிடந்த சான்றிதழ் இரண்டு கீழே விழுந்தன.

"இது கோர்ஸ் இல்ல. மோக்ஸின்னா தைரியம். அதுலயும் ஒரு மாதிரி துணிச்சல். எல்லாரும் ஒரு பக்கம் போவும்போ நாம மறுபக்கம் நிக்க ஒரு கெத்து வேணும்லா, அது."

"அதுக்கு தைரியம்னு எழுதுனா போராதா?"

அவள் போனில் தேடி வாசித்தாள். நூற்று நாற்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு வைத்தியர் ஏதோ வேரைப் போட்டு ஒரு கசப்பு மருந்து காய்ச்சியிருக்கிறார். நரம்புக்கு உரம் என்று சொல்லி விற்றிருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் மோக்ஸி. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பிறகு அதில் கேஸ் ஏற்றி, சோடாவாக்கி, ஊர் ஊராக விளம்பரம் செய்து விற்றார்கள். குடித்தால் தெம்பு வரும் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தெம்புக்கே மோக்ஸி என்று பெயராகிவிட்டது.

"அப்போ சோடாக் கடையில கிட்டுற சாதனம்" என்றான் ஷாஜன்.

"மொதல்ல கசப்பாத்தான் இருந்திருக்கு. பெறவு கேஸ் ஏத்துனாவ. இப்ப பேரு மட்டும் மிச்சம்." அவள் போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "உங்க சாட்சி மாதிரி."

ஷாஜன் குனிந்து, கீழே விழுந்த சான்றிதழ்களைப் பொறுக்கினான். சாட்சி என்று அவள் சொன்னது, வருடா வருடம் சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் அவன் மேடையேறிச் சொல்வதை. கடவுள் தன்னை ஆபத்திலிருந்து காத்த கதையை ஆளாளுக்கு எழுந்து நின்று சொல்வது அங்கே வழக்கம். வியாதியில் பிழைத்தவர்கள், விபத்தில் தப்பியவர்கள் எல்லாம் சொல்வார்கள். ஆனால் ஷாஜனின் சாட்சிக்குத்தான் கூட்டம் மூச்சடக்கி உட்காரும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மஸ்கட்டில் ஒரு எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது நடந்தது அது. உள்ளே இறங்கிய பீகார்க்காரர் ஒருவர் விஷவாயு ஏறி விழுந்துவிட்டார். தொட்டியின் வாசலில் வாயு அளக்கும் கருவியோடு நின்றது ஷாஜன். "கருவி கூவினது, பிரியமானவர்களே. என் கையில் பெலனில்லை. என் காலில் பெலனில்லை. அப்போது ஒரு கரம் என்னைத் தொட்டது! என் கால்களை நான் அசைக்கவில்லை, அவர் அசைத்தார்! கம்பெனி கொடுத்த தொப்பி என் தலையிலிருந்து விழுந்தது. கர்த்தர் கொடுத்த இரட்சிப்பின் தொப்பி விழவில்லை! பார்க்கிறேன், உயிரோடு வெளியே நிற்கிறேன். விழுந்த சகோதரனும் உயிரோடு வெளியே கிடக்கிறான்!" பந்தல் முழுக்க அல்லேலூயா எழும்பும். அஜிதா மட்டும் அந்த நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொள்வாள்.

ஏனென்றால் அதில் ஒரு சொல் பொய் இல்லை, ஒரு சொல் உண்மையும் இல்லை. கால்கள் அசைந்தது நிஜம். அசைந்தது வெளிப்பக்கமாக. ஷாஜன் ஓடினான். தொப்பி தெறிக்க ஓடினான். இருநூறு மீட்டர் தள்ளி ஆள் கூடும் இடம் வந்து, எதுக்குடா ஓடி வாறே என்று ஒருவர் கேட்ட பிறகுதான் சைரன் பொத்தானை அழுத்தினான். தொட்டிக்குள் இறங்கிப் பீகார்க்காரரை வாசல்வரை இழுத்து வந்து போட்டுவிட்டு, அங்கேயே மயங்கி விழுந்தது நாகேந்திரன். தாழக்குடிக்காரர், குழாய் பொருத்துகிறவர், ஷாஜனுக்கு எட்டு வயது மூத்தவர்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் நாகேந்திரன் கண் விழித்தபோது பக்கத்தில் ஷாஜன்தான் இருந்தான். "நீ எப்பிடிலே வெளிய வந்தே?" என்று கேட்டார். ஓடினேன் என்று சொல்ல ஷாஜனுக்கு வாய் வரவில்லை. "கர்த்தர் கொண்டு வந்தாரு அண்ணாச்சி" என்றான். அதுதான் அவனுடைய முதல் சாட்சி. நாகேந்திரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று முதல் கல்யாண வீட்டில் கண்டாலும் சரி, தக்கலைச் சந்தையில் கண்டாலும் சரி, கூட நிற்கிறவர்களிடம் "இவன் ஆருன்னு நெனச்சீரு? எனக்கு முந்தி உள்ள எறங்குனவனாக்கும்" என்று தோளில் தட்டுவார். ஏன் அப்படி நினைக்கிறார் என்று ஷாஜன் கேட்டதில்லை, திருத்தியதும் இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

சனிக்கிழமை மாலை நேர்முகம். ஷாஜன் வெள்ளைச் சட்டை, டை, கீழே லுங்கியோடு கணினி முன் உட்கார்ந்தான். காமிராவுக்குத் தெரியாமல் எதிரே அஜிதா, பெரிய எழுத்தில் ஆங்கிலக் குறிப்புகளோடு. திரையில் தலை நரைத்த ஒரு அமெரிக்க அம்மாள் சிரித்தாள். எடுத்த எடுப்பில் மோக்ஸிதான்.

இங்கேதான் ஷாஜன் எதிர்பாராத ஒரு சிக்கல். சாட்சியில் எல்லாவற்றையும் கர்த்தர் செய்துவிடுவார், யார் உள்ளே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனிக்காரிக்கோ ஒவ்வொரு வாக்கியமும் நான் என்று தொடங்க வேண்டும். நான் பார்த்தேன், நான் முடிவெடுத்தேன், நான் செய்தேன். பன்னிரண்டு வருடமாகக் கர்த்தர் தலையில் கட்டியிருந்ததை அவன் தன் தலைக்கு மாற்றினான். மாற்றும்போது நாக்கு ஒரு முறை தடுக்கியது. பிறகு துணிந்துவிட்டான்.

"நான் உள்ளே இறங்கினேன், மேடம்."

அம்மாளின் பேனா நின்றது. "சுவாசக் கருவி போட்டிருந்தீர்களா?"

"இல்லை."

"உள்ளே இறங்க அனுமதிச் சீட்டு?"

"இல்லை."

"நீங்கள் அங்கே பாதுகாப்பு உதவியாளர், இல்லையா?" சிரிப்பு போய்விட்டது. "இப்படிக் காப்பாற்றப் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா?"

பதினேழு சான்றிதழில் மூன்று அதைத்தான் சொல்லித் தந்திருந்தன. அஜிதாவின் முகத்தைப் பார்த்தான். அவள் குறிப்பைக் கீழே வைத்துவிட்டாள். பதினொரு மாதமும் கண்முன்னே வந்து நின்றன. ஷாஜன் தொண்டையைச் செருமினான்.

"மன்னிக்க வேண்டும் மேடம். என் ஆங்கிலம் மோசம். உள்ளே இறங்கியது நான் இல்லை, என் நண்பர். நான் ஓடினேன்."

நம் ஊரில் எந்தப் பழியையும் ஆங்கிலம் தாங்கும். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் அந்த உண்மையை வெளியே சொன்னான், அதுவும் பொய் விலை போகாததால்.

"நீங்கள் ஓடினீர்கள்?"

"ஆமாம். வெளியே ஓடினேன். சைரன் அடித்தேன்."

"எல்லாரும் உள்ளே பாயும்போது நீங்கள் விதிப்படி வெளியே போய் அபாயம் அறிவித்தீர்கள்." அம்மாளின் முகம் மலர்ந்தது. "அதற்குத்தான் மோக்ஸி வேண்டும்."

ஷாஜன் அடக்கமாகத் தலை குனிந்தான். பயந்து ஓடியதற்குப் பெயர் வைத்துக் கொடுக்க ஒரு அமெரிக்கக் கம்பெனி வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அம்மாள் கேட்டாள்: அந்த நண்பர் உயிரோடு இருக்கிறாரா? நல்லது. அவர் நம்பரைத் தாருங்கள், திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு நாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவோம். அவர் சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒத்து வந்தால் வேலை உங்களுக்கு.

திரை அணைந்தது. அஜிதாதான் முதலில் பேசினாள்.

"நாகேந்திரண்ணன் என்ன சொல்லுவாவ?"

"நான் உள்ள எறங்குன வீரன்னு சொல்லுவாரு" என்றான் ஷாஜன். அழுகை வரும்போல இருந்தது. "வேலையக் கெடுத்துப் போடுவாரு, பாவம்."

திங்கட்கிழமை நாலு மணிக்குத் தாழக்குடிக்குப் போகப் பைக்கை எடுத்தான். தக்கலையில் போலீஸ் பிடிக்கும் என்பதால் ஹெல்மெட் போட்டுக்கொண்டான். நாகர்கோவில் தாண்டி வயல்களுக்கு நடுவே போகும்போது யோசித்தான். யோசித்ததில் நல்ல வழி ஒன்று கிடைத்தது. உண்மையை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஒரு பொய் சொல்லும்படி கேட்டால் போதும். ஷாஜன் ஓடினான் என்று ஒரு பொய். வேலைக்காக. அவர் மனதில் ஷாஜன் வீரனாகவே இருப்பான், கம்பெனிக்கும் உண்மை போய்ச் சேரும். இப்படி ஒரு யோசனை வந்ததற்குத் தன்னையே மெச்சிக்கொண்டான்.

நாகேந்திரன் வீட்டு முன்னால் வாழைக்குலைக்குச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு வாழை வியாபாரம்தான். வாயு ஏறிய நெஞ்சு முழுசாகத் தேறவில்லை, பத்து அடி நடந்தால் இருமல். அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கினார் என்று கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்படி எழுதிய விபத்து அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது ஷாஜன். அதை அவரிடம் யாரும் காட்டவில்லை.

"வாலே மக்கா!" ஷாஜனைக் கண்டதும் சாக்கைப் போட்டுவிட்டு வந்தார். "உள்ள வா, காப்பி குடி. மொகம் ஏன் இப்பிடிக் கெடக்கு?"

ஷாஜன் ஹெல்மெட்டைக் கழற்றி வாழைக்குலை மேல் வைத்தான். காப்பி வந்தது. விஷயத்தைச் சொன்னான்.

"ஆறரைக்கு உங்களக் கூப்பிடுவாவ அண்ணாச்சி. நீங்க ஒரு பொய்யி சொல்லணும். நான் உள்ள எறங்கல்ல, பயந்து வெளிய ஓடுனேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

நாகேந்திரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்க வேலைக்கு வேண்டி எந்தப் பொய்யும் சொல்லுவேன், கேட்டியா. இவன் பத்து வருசமா எனக்குச் சோறு போட்டான்னு சொல்லட்டா, சொல்லுகேன். ஆனா உன்ன ஓடுனவன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது."

"அண்ணாச்சி, அப்பிடிச் சொன்னாத்தான் வேல."

"அது என்ன மயிரு வேலைலே, ஓடுனவனுக்குக் குடுக்க வேல?" இருமல் வந்து நின்றது. "அந்த வெள்ளக்காரிட்ட நான் பேசுகேன். இவன மாதிரி ஒருத்தன் கிட்டணும்னா நீங்க தவம் கெடக்கணும்னு சொல்லுகேன். நீ காப்பியக் குடி."

ஷாஜன் காப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மணி ஆறு இருபது. வீட்டுக்குள் நாகேந்திரனின் மனைவி லட்சுமிப்ரியா, வந்த மனுஷனுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அரிசி போடட்டுமா என்று கேட்டாள். நாகேந்திரன் போடு என்றார். அந்த ஒரு சொல்லில் ஷாஜனுக்கு உள்ளே ஏதோ முறிந்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

"பொய்யி இல்ல அண்ணாச்சி."

"எது?"

"நான் ஓடுனது. நெசமாட்டு ஓடுனேன். பேடிச்சு ஓடுனேன். உள்ள எறங்கவே இல்ல."

நாகேந்திரன் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் குறைந்து நின்றது.

"உனக்க பச்சத் தொப்பி வாசல்ல கெடந்ததே" என்றார்.

பாதுகாப்பு ஆட்களுக்கு மட்டும் கம்பெனி பச்சைத் தொப்பி கொடுத்திருந்தது. அன்று அந்தத் தொட்டியில் பச்சைத் தொப்பி ஷாஜன் ஒருவனுக்குத்தான்.

"ஓடும்போ விழுந்திட்டு."

"நான் வரும்போ தொப்பி கெடக்கு, உன்னக் காணல்ல. நீ உள்ள கெடக்கேன்னுல்லா எறங்குனேன்." அவர் குரல் உயரவே இல்லை. "இருட்டு. கண்ணு எரியுது. கையத் துழாவித் துழாவிப் பாத்தேன். அந்தப் பீகாரி கையில தட்டுனான், இழுத்துக் கொண்டு வந்து போட்டேன். மறுபடியும் எறங்கப் போனேன்லே, உனக்கு வேண்டி. அப்பத்தான் விழுந்தேன்." ஷாஜன் பக்கம் திரும்பினார். "அப்போ நான் உள்ள ஆரத் தேடுனேன்?"

பன்னிரண்டு வருடம் மேடையில் சொன்ன அந்தக் கரம் யாருடையது என்று ஷாஜனுக்கு இப்போதுதான் தெரிந்தது, அதுவும் அவனைத் தொடவே இல்லை.

போன் அடித்தது. நாகேந்திரன் நம்பரைப் பார்த்தார், ஷாஜனைப் பார்த்தார், எடுத்துக் காதில் வைத்தார். மஸ்கட்டில் கற்ற ஆங்கிலம் அவருக்கு மறக்கவில்லை.

"யெஸ் மேடம். நாகேந்திரன். யெஸ், ஷாஜன் ஐ நோ." நிறுத்தினார். ஷாஜன் தரையைப் பார்த்தான். "யெஸ் மேடம். ஹி ரன். ஃபர்ஸ்ட் ரன். நாட் கோ இன்சைட். வெரி சேஃப் மேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. நாகேந்திரன் இருமி முடித்துச் சொன்னார்.

"மீ? மை ஃப்ரெண்ட் இன்சைட். ஐ திங்க்."

மறுபடி ஏதோ, கொஞ்சம் நீளமாக. விதியைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

"யெஸ் மேடம்" என்றார் நாகேந்திரன். "மை மிஸ்டேக்."

போனை வைத்தார். "உனக்க வேல சரியாச்சுன்னு நெனைக்கேன். சந்தோசமாட்டுப் பேசுனா" என்று சொல்லிவிட்டு, சாக்கை எடுத்து விட்ட இடத்திலிருந்து குலையைச் சுற்ற ஆரம்பித்தார். ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஷாஜன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். சாட்சி சொல்லிப் பழகிய வாயில் சாதாரணமாக ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்தான், பைக்கை உருட்டினான், படபடவென்று உதைத்துக் கிளப்பினான்.

"ஏலே ஷாஜா!"

திரும்பினான். நாகேந்திரன் மூச்சு வாங்க, வாழைக்குலை மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு தெருவரை வந்திருந்தார். அதை அவன் கையில் கொடுத்தார்.

"இத விட்டுட்டுப் போவாதே" என்றார். "பெறவு நான் தேடிட்டு வந்திருவேன்."